சபதம் நிறைவேறிய பின்
(சிவகாமியும் மாமல்லரும் மீண்டும் இணைந்திருக்க இயலுமா?)

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து சேர்ந்த நம் முன்னோர் பலருடைய தகரப் பெட்டிகளில் பஞ்சாங்கத்தோடும் கந்த சஷ்டி கவசத்தோடும் மற்றொரு பொருளும் இருந்தது. வாரந்தோறும் இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, அட்டை போட்டுத் தைத்து வைத்த தொடர்கதைக் கட்டு அது. பல இல்லங்களில் அக்கட்டு ‘சிவகாமியின் சபத’மாகவே இருந்தது. தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்குப் பாட்டிமார்கள் அதனைப் படித்துச் சொன்னார்கள். கதை முடிந்ததும் பிள்ளைகள் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “சிவகாமியை மாமல்லர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?”

பாட்டிமார்கள் கூறிய விடை வீட்டுக்கு வீடு வேறுபட்டது. “அவள் பிடிவாதக்காரி” என்றனர் சிலர். “ராஜாவை நம்பலாமா?” என்றனர் வேறு சிலர். “எல்லாம் அந்தப் பிக்ஷு செய்த வேலை” என்று நாகநந்தியின் தலையில் பழியைப் போட்டோரும் உண்டு. கதைமாந்தர் மீது நாம் கொண்ட பரிவே இத்தனை விடைகளுக்கும் காரணம். எனினும் பரிவு ஒரு புறம் இருக்க, நூலை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விருவரும் எந்தக் கட்டத்திலேனும் ஒன்று சேர்ந்திருக்கக் கூடுமா என்று ஆராய்வது பயனுடையது. அவ்வாறு ஆராயும்போது கல்கி அவர்கள் தம் வாசகர்களுக்கு விட்டுச் சென்ற செய்தி, நாம் நினைத்ததைக் காட்டிலும் கடுமையானது என்பது புலனாகும்.

பொருத்தமும் பொருந்தாமையும்

பொருந்தாத காதல் என்பது தமிழுக்குப் புதிய பொருளன்று. ஒருபால் விருப்பத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தா விருப்பத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, இவ்விரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினர் நம் இலக்கண நூலார். தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை எனத் தொல்காப்பியம் பத்துப் பொருத்தங்களை வகுக்கிறது. குடியும் செல்வமும் அவற்றுள் உண்டு. உணர்வும் அருளும் நிறையும் உண்டு.

சிவகாமிக்கும் மாமல்லருக்கும் இடையே இல்லாதது குடிப்பொருத்தமும் செல்வப்பொருத்தமுமே என்பது பொதுவான எண்ணம். அவர் பல்லவ சாம்ராஜ்யத்தின் குமாரச் சக்கரவர்த்தி. அவளோ காட்டு நடுவே கல்லுளியோடு வாழும் ஆயனச் சிற்பியின் மகள். இந்த ஏற்றத்தாழ்வு உண்மையே. சிவகாமியின் உள்ளத்தில் முதலிலிருந்தே இது முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. மாமல்லர் எவ்வளவு உறுதி கூறினும், அரண்மனையின் பெருமையையும் அயல்நாட்டு அரசகுமாரிகளையும் எண்ணி அவள் அஞ்சுகிறாள்; அஞ்சியபோதெல்லாம் மீண்டும் மீண்டும் உறுதி கேட்கிறாள்.

ஆயினும் இந்த ஏற்றத்தாழ்வு கடக்க முடியாத ஒன்றாக நூலில் காட்டப்படவில்லை. மகேந்திர பல்லவர் கலைகளுக்கெல்லாம் இருப்பிடமான மன்னர். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ இயற்றியவர். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைவித்தவர். அத்தகையவர் ஒரு சிற்பியின் மகளைத் தாழ்வாகக் கருதக்கூடியவர் அல்லர். அவருடைய தடை வேறு வகையானது. சிவகாமியின் ஆடற்கலை ஓர் அந்தப்புரத்துக்குள் அடங்கிவிடக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மருமகளாக ஏற்க மறுப்பதிலும் ஒரு வகை மரியாதை கலந்திருந்தது. அந்த மரியாதையை யாரும் அவளுடைய சம்மதத்தோடு செய்யவில்லை என்பதுதான் குறை.

மூன்று வாயில்கள்

கதையில் இருவரும் ஒன்று சேர்வதற்குரிய வாயில் மூன்று முறை திறக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, மண்டபப்பட்டு. வெள்ளத்தில் அகப்பட்ட ஆயனரையும் சிவகாமியையும் மாமல்லர் காப்பாற்ற, அனைவரும் வராக நதிக்கரையிலுள்ள அக்கிராமத்தில் ஒதுங்குகின்றனர். காஞ்சியின் கட்டுக்காவலும் போரின் ஓலமும் அங்கே இல்லை. இருவரும் அரசகுமாரனும் சிற்பி மகளும் என்ற நிலை மறந்து இரு மானிடர்களாகப் பேசிக்கொள்வது அங்கேதான். நூல் முழுவதிலும் அவர்கள் இன்புற்றிருக்கும் காலம் இவ்வளவே. ஆனால் அந்த இன்பம் வெள்ளம் தந்த இன்பம். நீர் வடிந்ததும் கிராமமும் மறைந்துவிட வேண்டியதே. நாட்டின் மீது பகைவர் படை வந்திருக்கும் வேளையில், கடமையை விட்டு அங்கேயே தங்கிவிடும் ஒருவரைச் சிவகாமியும் மதித்திருக்க மாட்டாள். ஆகவே முதல் வாயிலை மூடியவர் எவரும் இலர், காலமே மூடியது.

இரண்டாவது வாயில் வாதாபியில் திறக்கிறது. இதுவே கதையின் உயிர்நிலை. சிறைப்பட்ட சிவகாமி, தன்னோடு பிடிபட்ட தமிழ் மக்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்றும் பொருட்டு வாதாபியின் நாற்சந்திகளில் ஆட நேர்கிறது. தெய்வத்துக்கு முன்னும் மன்னர் அவையிலும் ஆடிய கால்கள் பகைவர் தெருவில் ஆடுகின்றன. அந்த அவமானத்திலிருந்து பிறந்ததே சபதம்: புலிகேசியை வென்று, வாதாபியைத் தீக்கிரையாக்கி, மாமல்லர் தன் கரம்பற்றி அழைத்துச் செல்லும் வரையில் அந்நகரைவிட்டு வருவதில்லை என்பது.

பிறகு மாமல்லர் பரஞ்சோதியோடு மாறுவேடம் பூண்டு, உயிரைத் துரும்பாக எண்ணி, பகைவன் தலைநகருக்குள்ளேயே வருகிறார். தனக்காக ஒரு நாட்டின் அரசுரிமையையே பணயம் வைத்து வந்து நிற்கிறவரைப் பார்த்துச் சிவகாமி, “வரமாட்டேன்” என்கிறாள்.

இந்த இடத்தில்தான் பாட்டிமார்கள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். “போயிருக்கக் கூடாதோ?” என்ற கேள்வி எத்தனை கூடங்களில் எழுந்திருக்கும்! ஆயினும் சிவகாமியின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். இரவோடிரவாகத் திருட்டுத்தனமாகத் தப்பிச் சென்றால் அவளுக்கு உயிர் மிஞ்சும், காதலரும் கிடைக்கலாம். நாற்சந்தியில் நேர்ந்த இழிவு மட்டும் அப்படியே நிற்கும். தன்னோடு சிறைப்பட்ட மற்றவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பும் பழியும் சேரும். தன் கலையின் மானத்தை இழந்தவளாகக் காஞ்சிக்குள் நுழைந்து ஒருவருக்கு மனைவியாவதை அவள் மனம் ஏற்கவில்லை. இதனைப் பிடிவாதம் என்று மட்டும் கூறிவிடுதல் நியாயமாகாது.

அதே வேளையில் மாமல்லரின் நிலையையும் எண்ண வேண்டும். அவர் காதலராக வந்தார். சிவகாமி அவரைச் சேனாபதியாகத் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே இருந்த உறவின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை ஒருவரிடம் ஒருவர் அன்பை எதிர்பார்த்தனர். அதன் பின்னர் ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டவரானார். சபதம் என்பது கடன் பத்திரத்தைப் போன்றது. அதில் தொகை எழுதப்பட்டிருக்கும், தவணையும் எழுதப்பட்டிருக்கலாம், பட்டவருடைய நெஞ்சின் நிலை எழுதப்பட்டிருக்காது. கடனைத் திருப்பிச் செலுத்தியவுடன் பத்திரம் கிழிக்கப்படும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அதன் பின் பேச ஒன்றுமில்லை.

ஒன்பது ஆண்டுகள்

மூன்றாவது வாயிலுக்கு வருமுன் இடையிலுள்ள ஒன்பது ஆண்டுகளைக் கருத வேண்டும். திறனாய்வாளர் பலரும் போர்க்களக் காட்சிகளில் காட்டும் கருத்தை இந்த ஆண்டுகளின் மீது செலுத்துவதில்லை. எனினும் காதல் அழிந்தது அங்கேதான்.

வாதாபியில் சிவகாமிக்குக் காலம் நகரவில்லை. அவள் மனத்தில் காஞ்சி, தான் விட்டுவந்த காஞ்சியாகவே இருக்கிறது. மாமல்லர், தாமரைக் குளக்கரையில் கண்ட மாமல்லராகவே இருக்கிறார். காஞ்சியிலோ காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. மகேந்திரர் மறைகிறார். போருக்குப் படை வேண்டும். படைக்குத் துணை வேண்டும். தெற்கே பாண்டியனின் நட்பு இன்றியமையாததாகிறது. தந்தையின் இறுதி விருப்பமும் அமைச்சர்களின் வற்புறுத்தலும் சேர, மாமல்லர் பாண்டியகுமாரி வானமாதேவியை மணக்கிறார். மகேந்திரன், குந்தவி என்ற இரு மக்களும் பிறக்கின்றனர். சிவகாமிக்கு அளித்த வாக்கை நிறைவேற்றுவதற்குச் செய்த முயற்சியே சிவகாமியை இழக்கும் வழியாகவும் அமைந்தது.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இந்தப் பகுதி விளக்கம் தேவைப்படாமலே விளங்கும். நாம் பிரிந்து வந்த நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே நம் நினைவில் நின்றுவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் விடுமுறைக்குப் போனால் வாசல் வேம்பு இல்லை. தெருவில் விளையாடிய பெண் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நமக்காகக் காத்திருப்பதாக நாம் நம்பியவை எவையும் காத்திருக்கவில்லை. யாரும் நமக்குத் துரோகம் செய்துவிடவில்லை. அவர்கள் வாழ்ந்தார்கள், அவ்வளவே. சிவகாமியின் துயரத்தில் பெரும்பகுதி இத்தகையது. வஞ்சகனை வெறுக்கலாம். வாழ்ந்தவரை வெறுப்பது எப்படி?

மூன்றாவது வாயில்

வாதாபி வீழ்கிறது, எரிகிறது. சபதம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறுகிறது. சிவகாமி காஞ்சிக்குத் திரும்புகிறாள். மாமல்லருக்கு மனைவியும் மக்களும் உண்டென்பது அவளுக்கு அதன் பிறகே தெரிய வருகிறது.

அரசர்கள் பல மனைவியரை மணப்பது வழக்கமாயிருந்த காலத்தில் சிவகாமி இரண்டாம் தேவியாகியிருக்கலாமே என்று சிலர் வினவுவர். வரலாற்று நோக்கில் இது இயலாததன்று. ஆனால் நூலின் அற நோக்கில் இயலாது. காரணம் மூன்று.

முதலாவது, வானமாதேவி. வாசகர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பெண் இவர். கல்கி அவர்களும் இவருக்கு நிழலுருவத்துக்கு மேல் அளிக்கவில்லை. இதனை நூலின் குறையாகவே கூற வேண்டும். ஆயினும் அவர் எவருக்கும் தீங்கிழைக்காதவர். அவருடைய இல்லத்தில் பங்கு கேட்டுப் பெறும் வாழ்வு, மானத்துக்காக ஒன்பது ஆண்டுகள் சிறையிருந்த பெண்ணுக்கு வாழ்வாகாது.

இரண்டாவது, தீ. சபதத்தின் விலையை இருவரும் செலுத்தவில்லை. வாதாபியின் மக்கள் செலுத்தினர். சிவகாமியை அழைத்துச் செல்லும் பாதை சாம்பலின் மீது போடப்பட்ட பாதை. போரை முன்னின்று நடத்திய பரஞ்சோதியே அதன் பின்னர் வாளைத் துறந்து, சிறுத்தொண்டராகிச் சிவபணிக்குத் திரும்பிவிடுகிறார். வெற்றி பெற்ற சேனாபதியாலேயே தாங்க முடியாத வெற்றியின் மீது மணப்பந்தல் போட முடியுமா? கலைஞன் மகள் கேட்ட வரத்தால் கலைநகர் ஒன்று எரிந்தது என்ற முரண்பாட்டைக் கல்கி வெளிப்படையாகப் பேசாவிடினும், கதையின் போக்கில் அது இருந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது, முன்னே கூறிய கடன். மாமல்லர் கேட்டதைக் கொடுத்துவிட்டார். கேட்காமல் கொடுக்கப்பட வேண்டிய ஒன்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். சிவகாமியிடமும் இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

எனவேதான் அவள் ஏகாம்பரநாதரையே தன் நாயகனாக வரித்துத் திருமாங்கல்யம் அணிந்துகொள்கிறாள். இறைவன் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பெற்றோரையும் உலகையும் மறந்து அவன் தாளை அடைந்த பெண்ணைப் பாடும் அப்பர் பெருமானின் திருத்தாண்டகத்துக்கு அபிநயம் பிடிக்கிறாள். அதே பாடலுக்குத் தான் கதையின் தொடக்கத்தில் நாவுக்கரசர் திருமடத்தில் அவள் ஆடி மூர்ச்சையடைந்தாள். அன்று பாடலின் பொருளாக அவள் மனத்தில் நின்றவர் மாமல்லர். இறுதியில் அந்தப் பாடல் தன் உண்மைப் பொருளைப் பெறுகிறது. அதனைக் கண்ட மாமல்லர் ஓசையின்றி ஆலயத்தை விட்டு வெளியேறுகிறார். அவர் ஒன்றும் பேசாததே சிறப்பு.

மாதவியும் கண்ணகியும்

சிலப்பதிகாரத்தை அறிந்தவர்க்குச் சிவகாமியிடம் இரு பெண்களின் சாயல் தெரியும். ஆடற்கலையில் அவள் மாதவி. நகரெரித்த சினத்தில் அவள் கண்ணகி. இளங்கோவடிகள் இருவராகப் பிரித்து வைத்த கலையையும் சினத்தையும் கல்கி ஒரே பெண்ணிடம் சேர்த்துவிட்டார். கானல்வரிப் பாட்டைப் பிறழ உணர்ந்து கோவலன் மாதவியைப் பிரிந்தான். அவள் அனுப்பிய ஓலைகள் அவனைத் திருப்பவில்லை. கண்ணகியோ கணவனை மீண்டும் பெற்றும் மதுரையில் இழந்தாள். மாதவி துறவுக்குச் சென்றாள், கண்ணகி தெய்வமானாள். இரண்டு முடிவுகளையும் ஒருங்கே நினைவூட்டுவது சிவகாமியின் முடிவு. நம் காப்பிய மரபில் நகரை எரித்த பெண் இல்லறத்துக்குத் திரும்புவதில்லை.

நாகநந்தியைப் பற்றியும் ஒரு சொல். நூலின் மூன்றாம் பாகத்துக்குப் ‘பிக்ஷுவின் காதல்’ என்றே பெயர். பெருந்திணை என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அந்தக் காதலுக்கே. அவரைச் சதிகாரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் சூழ்ச்சி சிவகாமியைச் சிறைப்படுத்தியது உண்மை. ஆயினும் சிறைக்கதவு திறந்திருந்த இரவில் அவளைத் தடுத்தது அவர் சூழ்ச்சியன்று. ஆகவே பழி முழுவதையும் அவர் மேல் சுமத்தினால், சிவகாமியின் முடிவை அவளிடமிருந்தே பறித்தவர்களாவோம்.

முன்பே எழுதப்பட்ட முடிவு

இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். ‘சிவகாமியின் சபதம்’ 1944இல் தொடராகத் தொடங்குவதற்கு முன்னரே கல்கி ‘பார்த்திபன் கனவை’ எழுதி முடித்துவிட்டார். கால முறையில் பார்த்திபன் கனவின் கதை பின்னால் நிகழ்வது. அதில் நரசிம்மவர்மருக்குக் குந்தவி என்ற மகள் உண்டு. ஆகவே சிவகாமி என்ற பாத்திரம் தன் கதையை நடத்தத் தொடங்கும்போதே மாமல்லரின் இல்லறம் வேறிடத்தில் உறுதியாகிவிட்டிருந்தது. முடிவு தெரிந்த பின் தொடக்கத்தை எழுதும் இந்த நிலையே, நூல் முழுவதும் ஒலிக்கும் சோகத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

வரலாற்றிலோ சிவகாமி இல்லை, ஆயனரும் இல்லை. நரசிம்மவர்மர் வாதாபியைக் கைப்பற்றியது 642ஆம் ஆண்டு என்பர். பாதாமியில் உள்ள பாறை ஒன்றில் அவருடைய கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. இன்று கர்நாடகத்திலுள்ள அவ்வூருக்குச் சென்று வந்த நம் அன்பர்கள் அங்கே சாளுக்கியர் குடைவித்த குகைக்கோயில்கள் அழியாமல் நிற்பதைக் கண்டிருப்பார்கள். கற்பனை எரித்த நகரில் கல் நிலைத்திருக்கிறது. அந்தச் சிற்பங்களின் முன் நிற்கும்போது, வென்றது எந்த நாடு என்ற கேள்வி சிறுத்துப்போகிறது. ஆயனர் அங்கே வந்திருந்தால் பகைவர் கலை என்று முகம் திருப்பியிருக்கமாட்டார்.

அடுத்த தலைமுறை

அப்படியானால் இணக்கத்துக்கு வழியே இல்லையா? கல்கி வழி ஒன்றை விட்டு வைத்திருக்கிறார்; அது மாமல்லருக்கும் சிவகாமிக்கும் உரியதன்று.

பார்த்திபன் கனவில் சோழ இளவரசன் விக்கிரமனும் சக்கரவர்த்தியின் மகள் குந்தவியும் காதல் கொள்கின்றனர். அவன் தந்தை பல்லவரோடு பொருது போர்க்களத்தில் வீழ்ந்தவர். அவனோ நாடு கடத்தப்பட்டவன். பொருத்தமின்மையில் இது முன்னதை விடப் பெரியது. இருப்பினும் அவர்கள் இணைகின்றனர். எப்படி? நரசிம்மவர்மரே சிவனடியார் வேடத்தில் வந்து, மாண்டுகொண்டிருந்த பார்த்திபனுக்கு வாக்களித்து, அவன் மகனைச் சுதந்திர வீரனாக்கி, முடிவில் சோழ நாட்டின் விடுதலையையும் தம் மகளையும் அவனுக்கு அளிக்கிறார். பகைவன் கண்ட கனவைத் தாமே நிறைவேற்றுகிறார்.

இரண்டு நூல்களையும் கால முறையில் சேர்த்துப் படித்தால் ஒரு மனிதரின் வளர்ச்சி தெரிகிறது. இளமையில் ஒரு வாக்குக்காக நகரை எரித்தவர், முதுமையில் மற்றொரு வாக்குக்காக நாட்டையே விட்டுக்கொடுக்கிறார். முதலாவது வாக்கு அவருக்குச் சிவகாமியைத் தரவில்லை. இரண்டாவது வாக்கு அவர் மகளுக்கு அவள் விரும்பியவனைத் தந்தது. தமக்குக் கிட்டாததைத் தம் மகளுக்குக் கிட்டச் செய்த தந்தையாக அவரைக் காணும்போது, ஆலயத்தை விட்டு மௌனமாக வெளியேறிய அந்த மாமல்லர் மீது நமக்கிருந்த கோபம் தணிகிறது.

எனவே பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடை கூறலாம். சிவகாமியும் மாமல்லரும் சேர்ந்திருக்க முடியாது. குலமும் செல்வமும் அவர்களைப் பிரிக்கவில்லை, நாகநந்தியும் பிரிக்கவில்லை. மானத்தைக் காத்துக்கொள்ள அவள் கேட்டதும், வாக்கைக் காக்க அவர் செய்ததும் தத்தம் அளவில் நியாயமானவை. இரண்டு நியாயங்களுக்கு நடுவே காதலுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

இதனைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் ஏற்கமாட்டார்கள். வாதாபிக்கு மாமல்லர் வந்த இரவைக் காட்டி, “அப்போதே போயிருக்கலாமே” என்றுதான் மறுபடியும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கட்டத்தை அவர்கள் ஒருமுறையேனும் தாமே எழுத்துக் கூட்டித் தமிழில் படித்துவிட்டுச் சொல்வார்களாயின், நம் முன்னோர் பெட்டியில் சுமந்து வந்த அந்தப் பழுப்பேறிய கட்டு தன் கடமையைச் செய்ததாகும்.